நீண்ட வழியே விரைவு வழி!

தில்லியிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான்பிரான்சிஸ்கோ நகரம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது? விமானத்தில் அங்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?

முதல் வினாவுக்கு விடை தெரிந்துவிட்டால் இரண்டாவது வெறும் வகுத்தல் கணக்குத்தானே என்று நீங்கள் எண்ணலாம். தொலைவை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும். ஆறாம் வகுப்பு மாணவரும் செய்துவிடக்கூடிய கணக்கு இது. ஆனால் உண்மையில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள்.

ஏர் இந்தியா நிறுவனம் 2015 டிசம்பரில் தில்லிக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இடையே, நடுவில் எங்கும் இறங்காத விமானப் போக்குவரத்தைத் தொடங்கியது. முதலில் அவ்விமானம் தில்லியிலிருந்து மேற்குப் பக்கமாகப் புறப்பட்டு, அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து அமெரிக்காவை அடைந்தது. அவ்வழியின் நீளம் ஏறத்தாழ 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் அதே விமானம் திசையை மாற்றிக்கொண்டு கிழக்கு நோக்கிப் புறப்பட்டது. சீனா, ஜப்பான் நாடுகளின் மேலாகச் சென்று பசிபிக் பெருங்கடலைக் கடந்தது. இப்புதிய வழியின் நீளம் ஏறத்தாழ 15,300 கி.மீ. அதாவது பழைய வழியைவிட 1,400 கி.மீ. கூடுதல். இது சென்னையிலிருந்து கொல்கத்தா வரையுள்ள வான் தொலைவைவிட அதிகம்! அப்படியிருந்தும் விமானம் 14½ மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பழைய வழியில் ஆன நேரத்தைவிட இது ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைவு.

விமானம் அதே வகைதான்; இயந்திரங்களும் அவையேதான். விமானி வழக்கத்துக்கு மாறாக முடுக்கி ஓட்டவும் இல்லை. அப்படியானால் நீண்ட வழியில் சென்ற விமானம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தது எப்படி? இவ்வினாவுக்கு விடை காண, முதலில் தொலைவு என்பதையும் பின்னர் வேகம் என்பதையும் சற்றே ஆராய்ந்து பார்ப்போம். நாம் எளியவை என்று கருதும் இவ்விரண்டு சொற்களுக்குள்ளும் பல செய்திகள் அடங்கியுள்ளன.

தட்டைப் படமும் உருண்டைப் பூமியும்

சுவரில் தொங்கும் உலகப் படத்தில் தில்லியையும் சான்பிரான்சிஸ்கோவையும் ஓர் அளவுகோல் வைத்து இணைத்துப் பாருங்கள். கோடு ஏறக்குறையக் கிழக்கு மேற்காகச் செல்லும். அக்கோட்டின் வழியே சென்றால்தான் மிகக் குறைந்த தொலைவு என்று தோன்றும். ஆனால் அது கண்ணை ஏமாற்றும் தோற்றமே. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது எங்கேனும் இழுத்தும் எங்கேனும் சுருக்கியும்தான் விரிக்க இயலும். ஆரஞ்சுப் பழத்தின் தோலை உரித்து, கிழிக்காமல் மேசைமீது தட்டையாகப் பரப்ப முயன்றவர்களுக்கு இதன் பொருள் நன்றாகப் புரியும்.

உண்மையான குறுக்கு வழியைக் காண ஒரு பூமி உருண்டையும் ஒரு நூலும் போதும். நூலின் ஒரு முனையைத் தில்லியிலும் மற்றொரு முனையைச் சான்பிரான்சிஸ்கோவிலும் வைத்து நன்றாக இழுத்துப் பிடியுங்கள். நூல் எந்த வழியாக விறைத்து நிற்கிறதோ அதுவே மிகக் குறைந்த தொலைவு. அது கிழக்கே போகாது. நேரே வடக்கு நோக்கித் திபெத்தின் மேலாக ஏறி, சைபீரியாவைத் தாண்டி, ஆர்க்டிக் பெருங்கடலைத் தொட்டு, அலாஸ்கா வழியாக இறங்கும்! இவ்வாறு பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்டு, உருண்டையின் மேற்பரப்பில் வரையப்படும் வட்டத்துக்குப் பெருவட்டம் என்று பெயர். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம். தீர்க்கரேகைகள் ஒவ்வொன்றும் ஒரு பெருவட்டத்தின் பாதி. ஆனால் நிலநடுக்கோட்டைத் தவிர மற்ற அட்சரேகைகள் பெருவட்டங்கள் அல்ல. துருவத்தை நெருங்க நெருங்க அவை சிறுத்துக்கொண்டே போகின்றன.

ஓர் எளிய கணக்கால் இதை உறுதி செய்துகொள்ளலாம். வடக்கு 60 பாகை அட்சரேகையில், பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு ஊர்கள் இருப்பதாகக் கொள்வோம். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. 60 பாகையில் அட்சரேகையின் சுற்றளவு அதில் பாதி, அதாவது 20,000 கி.மீ. எனவே அட்சரேகை வழியே ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்ல 10,000 கி.மீ. பயணம் செய்ய வேண்டும். மாறாக, நேரே வட துருவத்துக்கு ஏறி மறுபக்கம் இறங்கினால் 30 பாகையும் 30 பாகையுமாக 60 பாகை மட்டுமே. ஒரு பாகைக்கு 111 கி.மீ. வீதம் 6,660 கி.மீ. மூன்றில் ஒரு பங்கு வழி மிச்சம்!

கணக்கிட்டுப் பார்ப்போம்

மேல்நிலை வகுப்புகளில் முக்கோணவியல் பயிலும் மாணவர்கள், எந்த இரண்டு ஊர்களுக்கு இடையிலும் பெருவட்டத் தொலைவைத் தாங்களே கணக்கிடலாம். தேவையானவை மூன்றே எண்கள்: இரண்டு ஊர்களின் அட்சரேகைகள், அவற்றின் தீர்க்கரேகைகளுக்கு இடையேயுள்ள வேறுபாடு. தில்லியின் அட்சரேகை வடக்கு 28.6 பாகை. சான்பிரான்சிஸ்கோவின் அட்சரேகை வடக்கு 37.6 பாகை. தீர்க்கரேகை வேறுபாடு 160.5 பாகை.

இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கி ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அவற்றின் கொசைன் மதிப்புகளைப் பெருக்கி, அதைத் தீர்க்கரேகை வேறுபாட்டின் கொசைன் மதிப்பாலும் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் வருவது, இரு ஊர்களும் பூமியின் மையத்தில் தாங்கும் கோணத்தின் கொசைன் ஆகும். நம் எடுத்துக்காட்டில் முதற்பகுதி 0.292, இரண்டாம் பகுதி குறை 0.656, கூட்டுத்தொகை குறை 0.364. இதற்குரிய கோணம் 111.3 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. என்று கொண்டால் தொலைவு ஏறத்தாழ 12,400 கி.மீ. எனக் கிடைக்கிறது. தட்டைப் படத்தில் நாம் அளவுகோல் வைத்து வரைந்த கோட்டின் வழியே சென்றாலோ ஏறத்தாழ 15,000 கி.மீ. ஆகும்.

ஆக, வடிவக் கணிதம் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது: வடக்கே போங்கள், 12,400 கி.மீ. போதும். ஆயினும் விமானம் 13,900 கி.மீ. வழியிலும் பின்னர் 15,300 கி.மீ. வழியிலும்தான் சென்றது. ஏன்?

குறுக்கு வழியில் ஒரு மலைத்தடை

முதல் தடை இமயமலையும் அதற்கு அப்பாலுள்ள திபெத்தியப் பீடபூமியும் ஆகும். விமானம் 10 முதல் 12 கி.மீ. உயரத்தில் பறப்பதால் அது மலையில் மோதிவிடும் என்ற அச்சம் இல்லை. சிக்கல் வேறு. அவ்வுயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம், தரையில் இருப்பதில் நான்கில் ஒரு பங்கு அளவே இருக்கும். எனவே விமானத்துக்குள் காற்றை அழுத்தி வைத்திருக்கிறார்கள். ஏதேனும் பழுதினால் உள்ளழுத்தம் இறங்கிவிட்டால், விமானி உடனே 3 கி.மீ. உயரத்துக்கு இறங்க வேண்டும். அங்குதான் பயணிகள் இயல்பாக மூச்சுவிட இயலும். தலைக்கு மேலிருந்து விழும் ஆக்சிஜன் முகமூடி பொதுவாகப் பத்து, இருபது நிமிடங்களுக்கே உதவும். திபெத்தின் தரையே 4½ கி.மீ. உயரத்தில் இருக்கும்போது 3 கி.மீ. உயரத்துக்கு இறங்குவது எங்ஙனம்? ஆகவே அப்பகுதியைப் பெரும்பாலும் விமானங்கள் தவிர்த்துவிடுகின்றன.

இதனால் தில்லி விமானம் நேர் வடக்கே போக இயலாமல் மேற்கே சாய்ந்தோ கிழக்கே சாய்ந்தோ செல்ல வேண்டியதாகிறது. மேற்கே சாய்ந்தால் 13,900. கிழக்கே சாய்ந்தால் 15,300. இவற்றுள் குறைந்தது மேற்கு வழியே. ஆனால் நேரக் கணக்கு இங்கேதான் திசை மாறுகிறது.

ஓடும் ஆற்றில் ஒரு படகு

காவிரியில் வெள்ளம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவர் படகைத் துடுப்பால் வலித்துச் செல்கிறார். அவர் தண்ணீரைத் தள்ளி முன்னேறும் வேகம் மணிக்கு 5 கி.மீ. என்க. ஆற்றின் வேகம் மணிக்கு 2 கி.மீ. ஓட்டத்தோடு போகும்போது கரையில் நிற்பவர் கண்ணுக்குப் படகு மணிக்கு 7 கி.மீ. வேகத்தில் விரைகிறது, எதிர்த்து வரும்போது 3 கி.மீ. வேகத்தில்தான் ஊர்ந்து வருகிறது. படகோட்டி வலிப்பதோ இரு வேளைகளிலும் ஒரே மாதிரிதான்.

விமானமும் ஒரு படகே. அது மிதப்பது காற்றில், தள்ளுவதும் காற்றை. விமானத்தின் இயந்திரம் தீர்மானிப்பது காற்று சார்ந்த வேகத்தை மட்டுமே. இது பெரிய பயணிகள் விமானங்களுக்கு மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. நாம் ஊர் போய்ச் சேருவதைத் தீர்மானிப்பதோ தரை சார்ந்த வேகம். காற்று பின்னாலிருந்து வீசினால் அதன் வேகத்தை 900 உடன் கூட்ட வேண்டும். எதிரே வீசினால் கழிக்க வேண்டும்.

நம் இரு வழிகளையும் இப்போது கணக்கிடுங்கள். காற்றே அசையாத வானத்தில் மணிக்கு 900 கி.மீ. வீதம் சென்றால், 13,900 கி.மீ. வழிக்கு ஏறத்தாழ 15½ மணி, 15,300 கி.மீ. வழிக்கு 17 மணி. ஆனால் நடந்தது என்ன? கிழக்கு வழியில் 15,300 கி.மீ. தொலைவை 14½ மணியில் கடந்ததால், தரை சார்ந்த சராசரி வேகம் மணிக்கு 1,055 கி.மீ. மேற்கு வழியில் 13,900 கி.மீ. கடக்க ஏறத்தாழ 16½ மணி ஆனதால் அங்குச் சராசரி வேகம் 842 கி.மீ. மட்டுமே. கிழக்கே காற்று 155 கி.மீ. கொடுத்திருக்கிறது, மேற்கே 58 கி.மீ. பறித்திருக்கிறது. புதிருக்கு விடை இதுதான். விமானம் கடந்தது நீண்ட நிலத்தை. ஆனால் கடந்த காற்றின் அளவு குறைவு.

இங்கே ஒரு நுட்பத்தையும் கவனியுங்கள். போகும்போது காற்று கொடுப்பதும் திரும்பும்போது பறிப்பதும் சரிக்குச் சரியாகிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. 7,200 கி.மீ. தொலைவை 900 கி.மீ. வேகத்தில் போய்வர 8 மணியும் 8 மணியுமாக 16 மணி ஆகும். மணிக்கு 100 கி.மீ. காற்று வீசினால் போக 7 மணி 12 நிமிடம். வர 9 மணி. இலாபம் 48 நிமிடம். நட்டம் 60 நிமிடம். ஏனெனில், எதிர்காற்றில் விமானம் மெதுவாகச் செல்வதால் அக்காற்றின் பிடியில் கூடுதல் நேரம் சிக்கியிருக்கிறது. ஆகவே போகவும் வரவும் ஒரே வழியைப் பிடிப்பதைவிட, போக ஒரு வழி, வர ஒரு வழி என்று தேர்ந்துகொள்வது அறிவுடைமை. ஏர் இந்தியா விமானம் பசிபிக் வழியாகப் போய் அட்லாண்டிக் வழியாகத் திரும்பி, ஒவ்வொரு முறையும் உலகைச் சுற்றி வந்ததன் காரணம் இதுவே. கிழக்கே போகும்போது முதுகைத் தள்ளிய காற்று, அட்லாண்டிக்கைக் கிழக்கு நோக்கிக் கடக்கும்போதும் முதுகையே தள்ளியது!

வானத்தில் ஓடும் ஆறு

இவ்வளவு வலிமையான காற்று எங்கிருந்து வருகிறது? தரையிலிருந்து ஏறத்தாழ 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், பூமியை மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றிவரும் காற்று ஆறு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்கு ஜெட் காற்றோட்டம் என்று பெயர். சில நூறு கி.மீ. அகலமும் ஒரு சில கி.மீ. தடிப்பும் உடைய இது, ஆற்றைப் போலவே நெளிந்து வளைந்து செல்லும். இதன் வேகம் மணிக்கு 150 முதல் 300 கி.மீ. வரையிலும், சில வேளைகளில் அதற்கு மேலும் இருக்கும்.

நிலநடுக்கோட்டுப் பகுதியில் வெயில் நேராக விழுவதால் காற்று சூடேறி விரிகிறது. துருவப் பகுதியில் காற்று குளிர்ந்து சுருங்கிக் கிடக்கிறது. இதனால் உயரத்தில், வெப்பப் பகுதியிலிருந்து துருவம் நோக்கிக் காற்று நகர முற்படுகிறது. ஆனால் சுழலும் பூமியின்மேல் எந்தக் காற்றும் நேரே வடக்கே போக இயலாது. வட கோளத்தில் அது வலப்பக்கமாக, அதாவது கிழக்கு நோக்கி, விலகுகிறது. வெப்பமும் குளிரும் சந்திக்கும் எல்லையில் இவ்விலகல் ஒன்றுதிரண்டு ஜெட் காற்றோட்டமாகிறது. குளிர்காலத்தில் இரு பகுதிகளின் வெப்பநிலை வேறுபாடு மிகுவதால் காற்றோட்டமும் வலுக்கிறது. ஒரே இரு நகரங்களுக்கு இடையே கோடையில் ஒரு பயண நேரமும் குளிர்காலத்தில் வேறொரு பயண நேரமும் அச்சிடப்படுவது இதனால்தான்.

இக்காற்றோட்டத்தை 1920களில் கண்டறிந்தவர் ஜப்பானைச் சேர்ந்த வானிலை அறிஞர் வாசபுரோ ஓயிஷி. தாதேனோ என்னும் இடத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு, அவை விரையும் வேகத்தை அளந்து பதிவு செய்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று தம் ஆய்வை எஸ்பெராண்டோ என்ற பொதுமொழியில் 1926இல் வெளியிட்டார். ஆனால் அம்மொழியைப் படிக்கத் தெரிந்தவர் சிலரே! 1944இல் ஜப்பான்மீது உயரப் பறந்த அமெரிக்க விமானிகள்தாம் அக்காற்றின் வலிமையை நேரில் உணர்ந்தனர். ஜப்பானியரோ குண்டுகள் கட்டிய ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட காகித பலூன்களை 1944, 45 ஆம் ஆண்டுகளில் அக்காற்றோட்டத்தில் ஏவினர். அவற்றுள் சில, இயந்திரம் எதுவுமின்றிப் பசிபிக்கைத் தாண்டி அமெரிக்கக் கரையில் விழுந்தன. அன்று அழிவைச் சுமந்த அதே காற்றுதான் இன்று பயணிகளைச் சுமந்து இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

2020 பிப்ரவரியில் ஒரு புயலின்போது, நியூயார்க்கிலிருந்து இலண்டன் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று, வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும் பயணத்தை 4 மணி 56 நிமிடங்களில் முடித்தது. அதன் தரை சார்ந்த வேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கி.மீ. அளவையும் தாண்டியது. அவ்வுயரத்துக் கடுங்குளிரில் ஒலியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 1,065 கி.மீ.தான். அப்படியானால் அவ்விமானம் ஒலியை மிஞ்சிவிட்டதா? இல்லை. ஒலியின் வேகத்தையும் காற்றைச் சார்ந்தே அளக்க வேண்டும். காற்றைப் பொறுத்தவரை அவ்விமானம் வழக்கமான வேகத்தில்தான் சென்றது. எனவே ஒலி முழக்கமும் எழவில்லை.

பூமியின் சுழற்சி உதவாதா?

இவ்விடத்தில் மாணவர்கள் தவறாமல் கேட்கும் வினா ஒன்று உண்டு. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. ஆகவே மேற்கு நோக்கிப் பறந்தால் போகவேண்டிய ஊர் தானே எதிரே வந்துவிடாதா? நல்ல வினாதான். தில்லியின் தரை, சுழற்சியினால் மணிக்கு ஏறத்தாழ 1,470 கி.மீ. வேகத்தில் கிழக்கே விரைகிறது. இக்கருத்துச் சரியாயின், ஒரு ஹெலிகாப்டர் தில்லியில் மேலெழும்பி ஒரு மணி நேரம் அந்தரத்தில் நின்றால் போதும். கீழே பாகிஸ்தான் - ஈரான் எல்லைப் பகுதி வந்து நிற்கும்!

அவ்வாறு நடப்பதில்லை. ஓடும் இரயிலில் உட்கார்ந்துகொண்டு எலுமிச்சம்பழத்தை மேலே எறிந்தால் அது உங்கள் கைக்கே திரும்பி வருகிறது. எறிவதற்கு முன்பே பழம் இரயிலின் வேகத்தைப் பெற்றிருந்தது அல்லவா? விமானமும் அதைத் தாங்கும் காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கின்றன. எனவே சுழற்சி நேராக எதையும் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. ஆனால் அதே சுழற்சிதான் காற்றைக் கிழக்கே திருப்பி ஜெட் காற்றோட்டத்தை உண்டாக்குகிறது என்று மேலே கண்டோம். ஆகவே மறைமுகமாகப் பார்த்தால், பூமியின் சுழற்சி கிழக்கே போகிறவருக்கே துணை புரிகிறது. மேற்கே போகிறவருக்கு அல்ல. மாணவர் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறு!

எரிபொருளுக்கு மணியே கணக்கு

இரண்டு மணி நேரம் முன்பின்னாகச் சேர்ந்தால்தான் என்ன என்று கேட்கலாம். பயணிக்கு அது சிறு வசதி. ஆனால் விமானத்துக்கு அது உயிர்நிலையான செய்தி. ஏனெனில் விமானம் எரிபொருளைச் செலவிடுவது காற்றில் மிதக்கும் நேரத்துக்கு ஏற்ப. கீழேயுள்ள நிலத்தின் கிலோமீட்டருக்கு ஏற்ப அன்று. இவ்வழியில் பறந்த போயிங் 777 வகை விமானம் மணிக்கு ஏழு, எட்டு டன் எரிபொருளை எரிக்கிறது. இரண்டு மணி நேரம் குறைந்தால் ஏறத்தாழ 15 டன் மிச்சம். அந்தப் 15 டன்னைத் தூக்கிச் செல்வதற்கே தேவைப்பட்டிருக்கும் எரிபொருளும் மிச்சம். வானில் கலக்கும் கரியமில வாயுவும் அந்த அளவுக்குக் குறைகிறது.

காற்றைத் தவறாகக் கணித்தால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். நடுவானில் எரிபொருள் நிரப்ப நிலையம் இல்லை. ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு, அன்றைய வானிலை அறிக்கையைக் கொண்டு வழி முழுவதும் காற்றின் திசையையும் வேகத்தையும் கணக்கிட்டு, எத்தனை டன் எரிபொருள் ஏற்றுவது என்று தீர்மானிக்கிறார்கள். வழியில் செலவாவது போக, இறங்கும் இடத்தில் மூடுபனி போன்ற இடையூறு இருந்தால் வேறொரு நிலையத்துக்குச் செல்லவும், அதற்கு மேலும் அரை மணி நேரம் வட்டமிடவும் எரிபொருள் கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது விதி.

இரண்டு இயந்திரங்கள் மட்டும் உள்ள விமானத்துக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஓர் இயந்திரம் நின்றுவிட்டால் மற்றொன்றைக் கொண்டு இறங்கத்தக்க நிலையம் ஒன்று குறிப்பிட்ட நேரத்துக்குள் எட்டுமாறு வழி அமைந்திருக்க வேண்டும். ஒரு காலத்தில் இந்த நேரம் 60 நிமிடம். 1985இல் அது 120 நிமிடமாக நீட்டிக்கப்பட்டது. இயந்திரங்களின் நம்பகம் பெருகியதால் இன்று 180 நிமிடமும், சில விமானங்களுக்கு அதற்கு மேலும் அனுமதிக்கப்படுகிறது. இதன் தேவையை நம் தில்லி - சான்பிரான்சிஸ்கோ விமானமே உணர்த்தியிருக்கிறது. 2023 ஜூன் 6 அன்று 216 பயணிகளோடு சென்ற அவ்விமானம், இயந்திரக் கோளாறு காரணமாக ரஷ்யாவின் தூரக் கிழக்கிலுள்ள மகதான் நகரில் பாதுகாப்பாக இறங்கியது. மும்பையிலிருந்து அனுப்பப்பட்ட மாற்று விமானம் ஜூன் 8 அன்று பயணிகளை ஏற்றிச் சென்றது. வழியைத் தேர்ந்தெடுக்கும்போதே இத்தகைய நிலையங்கள் எங்கெங்கே உள்ளன என்று பார்த்து வைத்திருப்பதன் அருமை அன்று விளங்கியிருக்கும்.

நாடுகளும் நேரத்தை மாற்றுகின்றன

இயற்கை மட்டுமன்றி அரசியலும் பயண நேரத்தை நீட்டும். பின்லாந்தின் ஹெல்சிங்கிக்கும் ஜப்பானின் டோக்கியோவுக்கும் இடையே பெருவட்டத் தொலைவு 8,000 கி.மீ. கூட இல்லை, ஆனால் அது ரஷ்யாவின் மேலாகச் செல்கிறது. 1983இல் பின்லாந்தின் பின்ஏர் நிறுவனம் இவ்விரு நகரங்களையும் இடைநில்லா விமானத்தால் இணைத்தபோது, சோவியத் வான்வெளியைத் தவிர்க்க வட துருவத்தின் மேலாகச் சுற்றிச் சென்றது. பிற்காலத்தில் வான்வெளி திறந்ததும் பயண நேரம் ஏறத்தாழ 9½ மணியாகக் குறைந்தது. 2022இல் உக்ரைன் போரையொட்டி ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டதும் அது மீண்டும் 13 மணி ஆயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்நகரங்கள் ஓர் அங்குலமும் நகரவில்லை!

நம் நாட்டுக்கும் இவ்வனுபவம் உண்டு. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, வட அமெரிக்கா சென்ற சில விமானங்கள் எரிபொருள் நிரப்ப ஐரோப்பாவின் வியன்னாவில் இறங்கிச் செல்ல நேர்ந்தது. மாறாக, வழி திறந்திருந்தால் எவ்வளவு செய்யலாம் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2021 ஜனவரியில் கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகள் மட்டுமே இயக்கிய ஏர் இந்தியா விமானம், சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தின் மேலாகப் பறந்து ஏறத்தாழ 17 மணி நேரத்தில் பெங்களூருவை அடைந்தது.

கடிகாரத்தின் வேடிக்கை

கடைசியாக ஒன்று. தில்லியிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 4 மணிக்குப் புறப்பட்டுப் பசிபிக் வழியே 14½ மணி நேரம் பறந்ததாகக் கொள்வோம். இந்திய நேரப்படி அப்போது ஞாயிறு மாலை 6.30. சான்பிரான்சிஸ்கோவின் கோடைகால நேரம் நம்மைவிட 12½ மணி பின்தங்கியது. எனவே அங்குக் கடிகாரம் அதே ஞாயிறு காலை 6 மணி என்று காட்டும். இரண்டே மணி நேரத்தில் வந்துவிட்டதுபோல் தோன்றும்! பசிபிக்கின் நடுவே சர்வதேசத் தேதிக்கோட்டைக் கடந்தபோது ஒரு நாள் திரும்பக் கிடைத்ததே இதற்குக் காரணம். ஆகவே பயணச்சீட்டில் அச்சிட்ட புறப்பாட்டு நேரத்தையும் வருகை நேரத்தையும் அப்படியே கழித்துப் பயண நேரத்தைக் கணக்கிடக் கூடாது. முதலில் இரண்டையும் ஒரே ஊர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

வாசகர்கள் தாமே செய்து பார்க்க ஒரு கணக்கு: சிங்கப்பூரின் அட்சரேகை வடக்கு 1.4 பாகை, நியூயார்க்கின் அட்சரேகை வடக்கு 40.6 பாகை. இவ்விரு நகரங்களின் தீர்க்கரேகைகள் ஏறக்குறைய எதிரெதிரானவை. எனவே முக்கோணவியல் இல்லாமலே, துருவத்தின் வழியாகத் தொலைவைக் கண்டுவிடலாம். முயன்று பாருங்கள், 15,300 கி.மீ.க்குச் சற்று மேல் வரும். மணிக்கு 900 கி.மீ. வீதம் அதற்கு எத்தனை மணி ஆகும் என்றும் வகுத்து வையுங்கள். பின்னர் அவ்வழியில் செல்லும் விமானங்களின் உண்மையான நேரத்தை, போவதற்கும் வருவதற்குமாக, ஒரு கால அட்டவணையில் பார்த்து ஒப்பிடுங்கள். உங்கள் விடைக்கும் அட்டவணைக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் காற்றின் கணக்கு; மீதி, ஏறவும் இறங்கவும் சுற்றிச் செல்லவும் ஆகும் நேரம்.